மூணு நிமிஷத் தூரம்

மலர்க்கொடியைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். பக்கத்து ஊர். மாப்பிள்ளை சபாநாயகம் சிரிப்பாரா, சிடுசிடுப்பாரா என்றெல்லாம் அவள் அம்மா அமிர்தம் அதிகம் விசாரிக்கவில்லை. கீழ வீதியில் சொந்தமாக எலக்ட்ரிக்கல் கடை, சொந்த வீடு, ஒரே பிள்ளை, அப்பா இல்லை, அம்மா மட்டும். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. தரகரிடம் அமிர்தம் முதலில் கேட்டது, "கடலூர்லேருந்து எம்மாந்தூரம்?" என்பதுதான்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மூத்தவள் எழிலரசியைச் சிங்கப்பூர் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அவள் பட்ட பாடு அப்படி. மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பெண்ணைப் பார்த்து அமிர்தம் போட்ட கூச்சலில், காவலுக்கு நின்ற ஆளே பயந்துபோய் ஓடித் தண்ணீர் கொண்டுவந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் காரில் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தவள், மஞ்சக்குப்பத்து வீட்டு வாசலில் இறங்கியதும் புருஷனிடம் சொல்லிவிட்டாள். "தோ பாருங்க, சின்னவள நான் அம்மாந்தூரம் அனுப்ப மாட்டேன். காலைல நெனச்சா மத்தியானம் போய்ப் பாத்துட்டு வரணும். ஆமா."

சுப்பிரமணியன் தலையாட்டினார். கலெக்டர் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மேலே இருப்பவர்கள் சொல்வதற்குத் தலையாட்டிப் பழகியவர். ஆனால் இந்தத் தலையாட்டல் மனசார ஆட்டியது. சின்னவள் அவருக்கு உயிர்.

2005இல் சிதம்பரத்துச் சம்பந்தம் பேசி முடித்தபோது, எழிலரசியின் புருஷன் அறிவழகன் லீவில் வந்திருந்தார். திரும்பும் டிக்கெட்டைப் பார்க்கப் பிரவுசிங் சென்டருக்குப் போனவர், வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"மாமா, ஒரு வெப்சைட்டுல ரெண்டு ஊர் பேரு போட்டா ஃப்ளைட்டுல எவ்வளவு நேரம்னு காட்டுது. சும்மா கடலூரு, சிதம்பரம்னு போட்டுப் பாத்தேன். எவ்வளவு காட்டுச்சி தெரியுமா? மூணு நிமிஷம்!"

"ரெண்டு ஊர்லயும் ஃப்ளைட்டு எங்க மாப்ள எறங்கும்?"

"அது அந்த வெப்சைட்டுக்கு எப்படி மாமா தெரியும்? அது பாட்டுக்குக் கணக்குப் போடுது."

வீடே சிரித்தது. சுப்பிரமணியனுக்கு அந்தக் கணக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "சின்ன பொண்ண மூணு நிமிஷத் தூரத்துலதான் குடுத்துருக்கேன்" என்றார். தாலி கட்டி முடிந்து சிதம்பரத்துக்கு வேன் கிளம்பும்போது மலர்க்கொடி அழ, அவள் தலையில் கைவைத்து, "அழுவாதம்மா, மூணு நிமிஷம்தான்" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அந்தக் கணக்கில் அன்றைக்கு இருவருக்குமே சந்தேகம் இல்லை.

சந்தேகம் ஆடி மாதத்தில் வந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துக்கொண்டு போய் ஒரு மாதம் வைத்துக்கொள்வது எல்லாருக்கும் உள்ள வழக்கம். சீர்த்தட்டோடு வந்த அமிர்தத்தை மாமியார் தில்லையம்மாள் நன்றாகத்தான் வரவேற்றாள். காபி கொடுத்தாள். தில்லையம்மாள் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை; எதையும் சிரித்த முகத்தோடுதான் மறுப்பாள்.

"கூட்டிட்டுப் போங்க சம்பந்தியம்மா, யாரு வேணாங்கறது? ஆனா ஒரு மாசம் தங்கறதெல்லாம் தூரத்துல குடுத்தவங்களுக்கு. இந்தா இருக்கற கடலூரு. காலைல போயி ஒங்களோட இருந்துட்டு சாயங்காலம் வந்துடட்டும். பஸ்ஸுக்கா பஞ்சம்? எப்ப வேணா போலாம், எப்ப வேணா வரலாம்."

எப்ப வேணா. அந்த வார்த்தையைக் கேட்டு அமிர்தம் மகிழ்ந்துபோனாள். இவ்வளவு தாராளமான மாமியாரா என்று கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். எப்ப வேணா வரலாம் என்றால் இப்போது வேண்டாம் என்று அர்த்தம் என்பது அந்த வீட்டில் மலர்க்கொடி ஒருத்திக்குத்தான் அன்றைக்கே உறைத்தது. அவள் உள்ளே அடுக்கி வைத்திருந்த பையை எடுத்துப் புடவைகளை மறுபடி பீரோவில் வைத்தாள்.

அப்படி என்ன பெரிதாக ஆசைப்பட்டாள் என்று கேட்பீர்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் அவளும் யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சக்குப்பத்தில் இருந்தவரை, ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அப்பாவும் அவளும் மைதானத்தைச் சுற்றி நடப்பார்கள். கடலை வறுக்கிற வண்டிக்காரரிடம் ஒரு பொட்டலம் வாங்கி ஆளுக்குப் பாதி. எழிலரசி டி.வி.யை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அம்மாவுக்குக் கால் வலி. அந்த ஒரு சுற்றில்தான் அப்பா பேசுவார். வீட்டுக்குள் வாயே திறக்காத மனுஷன், ஆபீசில் எந்தத் துரை எப்படிக் கத்தினான் என்று நடித்துக் காட்டி அவளைச் சிரிக்க வைப்பார். அந்த நடைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. காலையில் வந்து சாயங்காலம் பஸ் ஏறுகிறவளுக்கு ராத்திரிச் சாப்பாடு ஏது, நடை ஏது? தலை தீபாவளிக்கு ஒரே ஒரு ராத்திரி தங்கினார்கள். அன்றைக்கென்று மழை ஊற்றித் தள்ளியது. அப்பா மாப்பிள்ளையோடு உட்கார்ந்து மோட்டார் பம்பு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சரி, பிரசவத்துக்கு எப்படியும் அனுப்பித்தானே ஆகணும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். இதை யார் மாற்ற முடியும்? வளைகாப்பு நடந்தது. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க மணையில் உட்கார்ந்திருந்தவளின் கண்ணெல்லாம் உள்ளறையில் கட்டி வைத்த பையின் மேல்தான். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் தில்லையம்மாள் வந்து அமிர்தத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரி இங்கதானே இருக்கு சம்பந்தியம்மா. கடலூரு போயி அங்க ஒண்ணு ஆச்சின்னா மறுபடி இங்கதான் தூக்கிட்டு ஓடி வரணும். எதுக்கு அலைச்சல்? நீங்க வந்து வந்து பாத்துக்குங்க. பக்கத்துலதானே."

அமிர்தம் யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது. எல்லாமே நியாயமாகத்தான் படும், அதுதான் வினை. மலர்க்கொடி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். 'முடியாது, எங்க பொண்ணு, நாங்க கூட்டிட்டுப் போவோம்' என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று பார்த்தாள். அமிர்தம் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றாள்.

அகலப் பாதை போடுகிறோம் என்று ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்த வருஷங்கள் அவை. அமிர்தம் பஸ்ஸிலேயே பத்தியச் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், போனாள். மூட்டு வீங்கியது. அதையும் அவள் பெருமையாகத்தான் ஊரில் சொன்னாள்: "பக்கத்துல குடுத்ததுனாலதானே முடியுது? இதே மூத்தவளா இருந்தா?"

மூத்தவளா இருந்தால் என்ன ஆகும்? மூத்தவள் ஏழாம் மாதமே விமானம் ஏறி வந்து மஞ்சக்குப்பத்தில் இறங்கினாள். குழந்தைக்குத் தலை நிற்கும்வரை இருந்துவிட்டுத்தான் போனாள். இரண்டாவது குழந்தைக்கும் அப்படியே. அது போக வருஷா வருஷம் பள்ளிக்கூட லீவு விட்டால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் டேரா. அவள் வரப்போகிறாள் என்றால் வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள். அவளுக்காகத்தான் ஏ.சி. வந்தது. மலர்க்கொடி படித்த அறை, படுத்த கட்டில், எல்லாம் சிங்கப்பூர்ப் பெட்டிகளுக்கு என்று ஆகிவிட்டது. தங்கச்சி ஒரு நாள் தங்கட்டும் என்று எழிலரசியே சொன்னாலும், "எடம் எங்கடி இருக்கு? அவ பக்கத்துலதானே இருக்கா, நீ போனப்புறம் ஆற அமர வந்து இருந்துட்டுப் போறா" என்பாள் அமிர்தம். எழிலரசி போனபிறகு மாமியாருக்குத் தலை சுற்றும், இல்லை கடையில் கணக்கு முடிக்கிற நாளாக இருக்கும். தூரத்தில் இருப்பவளுக்கு எல்லாரும் நாளை ஒதுக்கினார்கள். பக்கத்தில் இருப்பவளுக்கு மிச்சம் மீதி நேரம்.

அப்பா மட்டும் போனில் விடாமல் கேட்பார். "என்னம்மா, மூணு நிமிஷத்துல வந்துடுவியா?"

"தோ, எறக்கையைக் கட்டிக்கிட்டு இருக்கேம்பா" என்பாள் இவள். அதற்கே அவர் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பார்.

2011 மே மாதத்தில் அவள் பொறுமை தீர்ந்தது. சண்டை போடவில்லை. வாயை மூடிக்கொண்டாள். ஒரு வாரம் புருஷனோடு ஒரு வார்த்தை இல்லை. சோற்றைப் போடுவாள், குழம்பை ஊற்றுவாள், போய்விடுவாள். கடையில் ஆயிரம் வயரைப் பிரித்துச் சேர்க்கிற சபாநாயகத்துக்கு இது என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எட்டாம் நாள் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"இப்ப என்னாதான் வேணும் ஒனக்கு?"

"எங்க வீட்டுல போயி பத்து நாள் இருக்கணும். ராத்திரியும் சேத்து."

"இதுக்கா? கேட்டுருக்கலாம்ல?"

"ஆறு வருஷமா கேக்கறேன். காதுல விழுந்தாத்தானே?"

தில்லையம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "விடும்மா, நான் ஓட்டல்ல சாப்டுக்கறேன்" என்றுவிட்டார் சபாநாயகம். ஆகா, ஆறு வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை!

கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய பையைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினாள். பத்து நாளுக்கு வேண்டிய துணி, நடக்கிறதற்கென்று ஒரு செருப்பு, குழந்தைக்கு வேண்டியது எல்லாம் எடுத்துக்கொண்டு மகளையும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பரங்கிப்பேட்டைப் பக்கம் பஸ் போகும்போது அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கதவைத் திறந்த அமிர்தம் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தாள்.

"என்னாடி இது, மூட்ட முடிச்சோட வந்துருக்க? மாப்ளையோட சண்டையா?"

"சண்டையும் இல்ல ஒண்ணியும் இல்ல. பத்து நாள் இருக்கப் போறேன்."

"அட போடி. பக்கத்து ஊர்ல குடுத்த பொண்ணு இம்மாம் பெரிய பையோட வந்து எறங்கினா தெருவுல என்னா பேசுவாங்க? இப்பவே எதிர் வீட்டு அம்மா எட்டிப் பாக்குது." குரலைத் தாழ்த்தினாள். "அதுவும் இல்லாம நாளான்னிக்கு எழிலு வரா. பிள்ளைங்க, அவ நாத்தனார் பொண்ணு, எல்லாரும். எங்கடி படுப்பீங்க? அவ ஊருக்குப் போவட்டும். நீ எப்ப வேணா வரலாம்."

எழிலரசி நான்கு பெட்டியோடு இறங்கினால் தெருவே வந்து நலம் விசாரிக்கும். இவள் ஒரு பையோடு இறங்கினால் புருஷன் துரத்திவிட்டான் என்று பேசும். அமிர்தம் சொன்னதில் பொய் இல்லை. ஊர் அப்படித்தான் பேசும். ஊர் பேசுவதற்குப் பயந்து சொந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பலாமா என்பதுதான் கேள்வி, அதை அந்த வீட்டில் கேட்க ஆளில்லை. சுப்பிரமணியன் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். மடித்தார், விரித்தார்.

சாயங்காலம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரேதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பேத்தியை ஜன்னல் ஓரம் உட்காரவைத்தார். கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"அக்கா ஊருக்குப் போனதும் நானே போன் பண்றேன். நீ வாம்மா. நாம மைதானத்துல ஒரு சுத்து வரலாம். மூணு நிமிஷம்தானே."

"ஃப்ளைட்டு எங்கப்பா நிக்கும்? மைதானத்துலயா?" என்றாள் மலர்க்கொடி. சிரித்துச் சொல்லவில்லை. வெடுக்கென்று சொன்னாள். அவர் கை ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கியது. பஸ் கிளம்பியது. கடலையை அவள் தொடவில்லை, மகள்தான் தின்றாள்.

அதற்குப் பிறகு அவள் ரோஷத்தில் கடலூர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சுப்பிரமணியன் போன் செய்தார். "அக்கா போயிட்டாம்மா, வரியா?" "வரேம்பா." "எப்பம்மா?" "பக்கத்துலதானேப்பா, எப்ப வேணா வரலாம்." அவருக்கு வலிக்க வேண்டும் என்றேதான் சொன்னாள். வலிக்க வேண்டியவள் அம்மா என்று அவளுக்கே தெரியும். ஆனால் போனை எடுப்பது அப்பா. ஜூன் போயிற்று, ஆடி போயிற்று, ஆவணி வந்தது. உள்ளுக்குள் கோபம் கரைந்து, சரஸ்வதி பூஜை லீவுக்குப் போய்விடலாம் என்று மனசு இறங்கிவிட்டாள். அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு புதன்கிழமை போன் போட்டாள். அமிர்தம் எடுத்தாள்.

"அப்பா தூங்குறாருடி. லேசா காய்ச்சல்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா? நான் வரட்டா?"

"எதுக்கு? ஒண்ணியும் இல்ல. எதுனா இருந்தா சொல்ல மாட்டனா? நீ என்னா சீமையிலயா இருக்க?"

பின்னால் ஏதோ பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் இட்லித் தட்டை இறக்கும்போது போன் வந்தது. அமிர்தம் இல்லை, சித்தப்பா. "மலரு, மனச தேத்திக்கம்மா. கெளம்பி வா" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கென்று பஸ் நின்ற இடத்திலேயே காத்திருந்தது. அன்றைக்கென்று வழியில் கூட்டம் இல்லை, கேட் அடைக்கவில்லை, டிரைவர் பறந்தார். ஆறு வருஷத்தில் அவ்வளவு சீக்கிரம் அவள் கடலூர் போய்ச் சேர்ந்ததில்லை. சபாநாயகம் பக்கத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டே வந்த மலர்க்கொடிக்கு, புதுச்சத்திரம் தாண்டும்போது அக்கா ஞாபகம் வந்தது. பாவம் எழிலு. அங்கே சிங்கப்பூரில் செய்தி கேட்டு என்ன பாடு படுகிறாளோ. டிக்கெட் கிடைத்து, ஏறி, இறங்கி, இங்கே வந்து சேர நாளைக்கு ஆகிவிடும். அப்பா முகத்தையாவது பார்ப்பாளா?

"ஏங்க, அக்கா வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு சித்தப்பாகிட்ட சொல்லணுங்க. ஐஸ் பெட்டி சொல்லச் சொல்லுங்க. அவ அம்மாந்தூரத்துலேருந்து வரணும்" என்றாள்.

சபாநாயகம் தலையாட்டினார்.

மஞ்சக்குப்பத்துத் தெருவில் பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். அவள் வாசல்படி ஏறும்போது உள்ளிருந்து தலைவிரி கோலமாக ஓடி வந்து கட்டிக்கொண்டவள் எழிலரசி.

"மலரு, அப்பா போயிட்டாருடி!"

மலர்க்கொடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவின் தோளுக்கு மேலாகப் பின்கட்டு தெரிந்தது. அங்கே கொடியில் அக்காவின் நைட்டிகள், பிள்ளைகளின் கலர் கலர் சட்டைகள், துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அது ஒரு நாள் துணி இல்லை.

"நீ எப்பக்கா வந்த?"

"செவ்வாக்கிழமையே வந்துட்டேன்டி. திங்கக்கிழமை நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில சேத்ததும் அம்மா போன் பண்ணிட்டாங்க. டாக்டர் கைய விரிச்சிட்டாராம். அன்னிக்கி ராத்திரியே ஃப்ளைட்டு ஏறிட்டோம்." எழிலரசி அழுகையினூடே சொல்லிக்கொண்டே போனாள், தங்கை முகம் மாறுவது அவளுக்குத் தெரியவில்லை. "புதன்கெழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். நல்லாத்தான்டி பேசினாரு. வியாழக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்குப் போலாம் வாங்கறாரு. எனக்கு ஆச்சரியமா இருந்தது, அப்பா என்கிட்ட இதெல்லாம் கேட்டதே இல்ல. ஆட்டோ வச்சிக் கூட்டிட்டுப் போனேன். கடலை வாங்கிக் குடுத்தாரு. பாதிய கையிலயே வச்சிருந்தாரு. மலருக்குன்னாரு. ஒன்னத்தான்டி கேட்டுக்கிட்டே இருந்தாரு. போன் போடு, அவ மூணு நிமிஷத்துல வந்துடுவான்னாரு."

"போடலையே?"

எழிலரசி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மாதான்... அவ பக்கத்துலதானே இருக்கா, நாளைக்கி சொல்லிக்கலாம்னாங்க."

மலர்க்கொடி அக்காவின் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள். அப்பாவுக்கு நாடிக் கட்டு கட்டியிருந்தார்கள். பேச வேண்டிய வாயைத் துணியால் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார்கள். கால்மாட்டில் உட்கார்ந்து அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தன. மாரில் அடித்துக்கொண்டு அழுகிற பெண்களுக்கு நடுவில் அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை.

யாருக்கும் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாததால் அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். தூரத்தில் இருக்கிறவள்தான் முன்னாலேயே வந்துவிட்டாளே. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு ஆண்கள் வந்து சாப்பிட்டு முடிந்ததும், யார் இருப்பது யார் போவது என்ற பேச்சு எழுந்தது. எழிலரசி கருமாதி வரை இருப்பாள். அதில் யாருக்கும் கேள்வி இல்லை. மூலையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த அமிர்தம், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சின்னவளைப் பார்த்தாள்.

"நீ மாப்ளையோட கெளம்புடி. கடை பூட்டிக் கெடக்கும். கருமாதி அன்னிக்கி காலைல வந்தாப் போதும். எடமும் இல்ல. நீ பக்கத்துலதானே..."

"சொல்லாத!" என்று கத்தினாள் மலர்க்கொடி. "அந்த வார்த்தைய இன்னொரு தரம் சொல்லாத. அப்பா சாகப்போறாருன்னு ஒனக்குத் தெரியும். அஞ்சி நாளு தெரியும். சிங்கப்பூருக்குப் போன் போட்ட வாய்க்கு சிதம்பரத்துக்குப் போட முடியலையா?"

"அவ தூரத்துல இருக்காடி. அவளுக்கு டிக்கெட் போட வேணாமா? ஒனக்குச் சொன்னா நீ பதறி ஓடியாருவ, ஒன் மாமியார் மொகத்தத் தூக்கும். ஒரு மணி நேரத்துல வர்றவதானே, முடியாமப் போச்சின்னா கடைசியில சொல்லிக்கலாம்னு... எமன் இப்படி விடியக்காலைல வருவான்னு நான் கண்டனா?" அமிர்தம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கேவினாள். "ஒன்னப் பாத்துக்கிட்டே இருக்கணும்னுதானேடி பக்கத்துல குடுத்தோம்?"

"எப்பம்மா பாத்த? ஆடிக்குப் பாத்தியா, பிரசவத்துக்குப் பாத்தியா? பையத் தூக்கிட்டு வந்தவளத் தெருவுல விட்டியே, அப்பப் பாத்தியா? என்னையும் அம்மாந்தூரத்துல, ஃப்ளைட்டு ஏத்திக் குடுத்துருக்கலாமேம்மா! எங்கப்பாவோட ஒரு சாயங்காலம் இருந்துருப்பேனே!"

எழிலரசி முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். சாவு வீட்டில் போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. மலர்க்கொடிக்கு அந்த வழக்கம் அன்று வசதியாக இருந்தது. மகளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கருமாதிக்கு வந்தாள். காலையில் வந்தாள், சாயங்காலம் போனாள். எழிலரசியும் விமானம் ஏறிப் போய்விட்டாள். டிசம்பர் கடைசியில் புயல் அடித்துக் கடலூரே மரமும் கம்பமுமாக விழுந்து கிடந்தபோது சபாநாயகம்தான் போய், ஓடு பறந்த பின்கட்டைச் சரிசெய்துவிட்டு வந்தார். மலர்க்கொடி அவர் கையில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். கூடப் போகவில்லை.

2012 கோடையில் எழிலரசி வரவில்லை. பெரியவனுக்குப் பரீட்சை. அப்பாவே இல்லாத வீட்டுக்கு வர மனசில்லை என்றும் சொன்னாளாம். வெள்ளை அடிக்காத வீட்டில் அமிர்தம் தனியாக இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் போன் செய்தாள். கோடையில் இது நாலாவது போனோ ஐந்தாவதோ.

"மலரு, குழந்தைக்கு லீவுதானே? கூட்டிக்கிட்டு வாயேன்டி. ஒன் ரூம்ப ஒழிச்சி வச்சிருக்கேன். கட்டில்ல வேற விரிப்பு போட்டுருக்கேன். பெரிய பையே எடுத்துட்டு வா, எவ என்ன பேசினா என்னா. பத்து நாள் இருந்துட்டுப் போ. ராத்திரில வீடு கோ’ன்னு கெடக்குது."

அமிர்தத்தின் குரல் கூடம்வரை கேட்டது. கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த தில்லையம்மாள் கையை நிறுத்திவிட்டு, "போயிட்டு வாயேம்மா. பாவம், ஒத்தையில கெடக்காங்க. நான் பாத்துக்கறேன் இங்க" என்றாள் மெதுவாக. ஏழு வருஷம் கழித்து அவளுக்கும் மனசு வந்திருந்தது.

"கேக்குதாடி?" என்றது போன். "மூணு நிமிஷம்னு ஒங்கப்பா சொல்வாரே. வாயேன்."

மலர்க்கொடி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமாம்மா. பக்கத்துலதானே இருக்கேன்" என்றாள். "எப்ப வேணா வரலாம்."

போனை வைத்துவிட்டாள்.

"என்னாம்மா, வச்சிட்ட?" என்றாள் தில்லையம்மாள்.

"ஒண்ணியும் இல்லத்த. சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, மலர்க்கொடி கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.